மூன்று கேஜ்களும் ஒரு செவ்வாய்க்கிழமை மேசையும்

பொங்கல் விழாவின்போது நம் சங்கத்து நண்பர்கள் பலர், "இங்கிலாந்து போய் வந்தீரே, என்னென்ன பார்த்தீர்?" என்று கேட்டார்கள். அரண்மனை, கோபுரம், தேம்ஸ் பாலம் எல்லாவற்றையும் இரண்டே நாளில் முடித்துவிட்டோம். மீதி மூன்று மாதமும் மகள் வீடு இருக்கும் நாட்டிங்ஹாமில்தான். உள்ளதைச் சொன்னால், அந்த மூன்று மாதத்தில் நான் அதிகம் பார்த்தது ஒரு பழைய மர மேசை. அதைச் சுற்றி வாரம் ஒருமுறை ஆறு பேர் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் எழுதுவார்கள், நடுநடுவே கம்பளி பின்னுவார்கள். அதைப் பற்றியே எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

மேசை இருந்த இடம் ஒரு பப். பப் என்றதும் நம்மில் சில பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். நானும் முதலில் சுளித்தேன். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பொது வீடு. குடிப்பவர்கள் குடிக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆரஞ்சுச் சாறு வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பரிமாற ஆள் வரமாட்டார். நாமே கவுன்டருக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி வரவேண்டும். 2007-ஆம் ஆண்டு ஜூலை முதல் இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை இருப்பதால் உள்ளே மூச்சும் முட்டுவதில்லை. அந்த ஊரில் ஒரு பப்பின் சுவரில் 1189 என்று ஆண்டு எழுதி, நாட்டிலேயே பழையது நாங்கள்தான் என்கிறார்கள். ஆதாரம் கேட்டால் சிரிக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் தலபுராணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி, சனி இரவுகளில் பப்புக்குக் கூட்டம் தானாக வரும். திங்கள், செவ்வாயில் வராது. காலியான நாட்களை நிரப்பக் கண்டுபிடித்த வழிகளில் ஒன்றுதான் வினாடி வினா. 1976-இல் பர்ன்ஸ், போர்ட்டர் என்ற இருவர் தென் இங்கிலாந்தில் 32 அணிகளைச் சேர்த்து, பப்புகளுக்கு இடையே போட்டித் தொடர் ஒன்றை நடத்தத் தொடங்கினார்கள். கேள்வித்தாள் தயாரித்துத் தருவதே அவர்கள் தொழிலாயிற்று. வழக்கம் நாடு முழுவதும் பரவியது. இந்த விஷயத்தில் நம் கல்கத்தா ஒன்றும் பின்தங்கியதல்ல. நீல் ஓ'பிரையன் இங்கே ஒரு மாதா கோயில் மண்டபத்தில் பொது வினாடி வினாவை நடத்தியது 1967-இல். டல்ஹௌசி இன்ஸ்டிட்யூட் மைதானத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு கேள்வி கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

ஆனால் இரண்டு முறைகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம் ஊரில் ஆறு அணிகள் மேடையில் இருக்கும். கேள்வி ஒருவருக்குப் போய், தெரியாவிட்டால் அடுத்தவருக்கு நகரும். மற்ற எல்லோரும் பார்வையாளர்கள். அங்கே பார்வையாளர் என்று யாரும் கிடையாது. ஒவ்வொரு மேசையும் ஓர் அணி; ஆறு பேருக்கு மேல் கூடாது. ஆளுக்கு ஒரு பவுன் கட்டணம். காகிதமும் பென்சிலும் கொடுத்துவிடுகிறார்கள். பத்துப் பத்துக் கேள்வியாக ஐந்தாறு சுற்று. ஒரு சுற்றில் படங்கள், ஒரு சுற்றில் பாட்டின் முதல் சில நொடிகள். பதிலை மேசைக்குள் கிசுகிசுத்துப் பேசி எழுதவேண்டும். பிறகு தாள்களைப் பக்கத்து மேசையோடு மாற்றிக்கொண்டு ஒருவரையொருவர் திருத்துகிறோம். ஏதாவது ஒரு சுற்றுக்கு 'ஜோக்கர்' வைத்தால் அந்தச் சுற்றின் மதிப்பெண் இரட்டிப்பு. எதற்கு வைப்பது என்பதை முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். சமநிலை வந்தால் ஓர் எண்ணைக் கேட்பார்கள். யார் நெருங்கி வருகிறாரோ அவர் வென்றவர். வசூலான பணம் முதல் பரிசுக்குப் போகும். கைபேசியைத் தொட்டால் அணியே வெளியே.

கேள்வி தயாரிப்பது ஒரு தனிக் கலை. யாருக்கும் தெரியாத கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்டும் பயனில்லை. பதிலைச் சொன்னதும், "அட, இது எனக்குத் தெரியுமே, வாயில் வரவில்லையே" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மேசையில் ஐந்து பேர் உதட்டைப் பிதுக்க, ஆறாமவர் பென்சிலைப் பிடுங்க வேண்டும். அந்த ஆறாமவர் வாரா வாரம் மாறிக்கொண்டே இருப்பதற்கு ஏற்ற மாதிரி கேள்விகள் அமைய வேண்டும். அந்த பப்பின் கேள்வியாளர் பகலில் தபால்காரர். அவரிடம் இந்தக் கணக்கு நன்றாக இருந்தது.

என் முறை இரண்டாம் வாரம் வந்தது. "புரூனல் என்ற பொறியாளர் கிரேட் வெஸ்டர்ன் ரயில்பாதைக்கு வைத்த அகலம் எவ்வளவு?" நான் எழுதச் சொன்னது ஏழு அடி கால் அங்குலம். கால் அங்குலம் எதற்கு என்று மகள் தயங்கினாள். வளைவுகளில் சக்கரத்துக்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்று பிறகு சேர்த்தது அந்தக் கால் அங்குலம். 1892-இல் அந்தப் பாதை முழுவதையும் நான்கு அடி எட்டரை அங்குலத்துக்கு மாற்றும்வரை இருந்தது. கேள்வியாளர் கையில் இருந்த அட்டையில் வெறும் ஏழு அடி. எங்கள் தாளைத் திருத்திய பக்கத்து மேசை அதைத் தவறு என்று போட்டுவிட்டது. நான் எழுந்து நின்று ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். மதிப்பெண் கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, அது வெறும் விளையாட்டு" என்றாள் மகள். லிலுவா பணிமனையில் கால் அங்குலத்தை விளையாட்டு என்று சொல்லிவிட்டு நான் வேலையில் நீடித்திருக்க முடியாது.

அந்தப் பிரசங்கத்தால் ஒரு நட்பு கிடைத்தது. எங்கள் மேசையில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். வரலாறும் கால்பந்தும் அவர் பொறுப்பு. மனைவி இறந்து சில ஆண்டுகள் ஆயிற்று, தனியாக வசிக்கிறார். அந்த ஊர் வழக்கப்படி எல்லோரையும் 'மீ டக்' என்று அழைப்பார். டக் என்றால் வாத்துதானே, என்னையா வாத்து என்கிறார் என்று முதல் வாரம் யோசித்தேன், அன்பாகச் சொல்வதாம். அவர் என்னிடம், "நீங்கள் எந்த கேஜில் வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர்" என்றேன். "நான் 21 கேஜ்" என்றார். எனக்குப் புரியவில்லை. பின்னலாடை ஆலையில் அவர் மெக்கானிக். அவருடைய இயந்திரத்தில் கேஜ் என்றால் ஒன்றரை அங்குலத்தில் எத்தனை ஊசி என்ற கணக்கு. 21 கேஜ் என்றால் ஒன்றரை அங்குலத்துக்குள் 21 ஊசிகள். மெல்லிய ஸ்வெட்டருக்கு அந்த அளவு.

மூன்றாவது கேஜ் என் மனைவியால் வந்தது. மேசையில் இருந்த இன்னொருவர் மகளோடு மருத்துவமனையில் வேலை செய்யும் நர்ஸ். கேள்வி நடக்கும்போதும் அவர் கை ஓயாது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கம்பளிக் குல்லாய் பின்னிக்கொண்டே இருப்பார். ஒரு குல்லாய் ஒரு சாத்துக்குடி அளவுதான் இருக்கும். என் மனைவி ரயில்வே குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில், வங்காளி அண்டை வீட்டுக்காரர்களிடம் பின்னக் கற்றவள். ஆங்கிலம் கொஞ்சம் தகராறு. "பத்தாம் நம்பர் ஊசி" என்றாள். அந்த அம்மையாருக்குப் புரியவில்லை. அவர் 3.25 மில்லிமீட்டர் என்றார், இவளுக்குப் புரியவில்லை. இரண்டும் ஒன்றுதான். பழைய பிரிட்டிஷ் பின்னல் ஊசி எண்கள் கம்பி கேஜிலிருந்து வந்தவை. ஸ்டாண்டர்டு வயர் கேஜில் பத்தாம் நம்பர் கம்பியின் குறுக்களவு 3.25 மில்லிமீட்டர், எட்டாம் நம்பர் ஏறக்குறைய நான்கு. எண் ஏற ஏறக் கம்பி மெல்லிசாகும். நம் நியூ மார்க்கெட் கடைக்காரர் இன்னும் அந்த எண்ணைச் சொல்கிறார். அங்கே மில்லிமீட்டருக்கு மாறிவிட்டார்கள். டிப்ளமா முதலாண்டில் மனப்பாடம் செய்த கம்பி அட்டவணை, நாற்பது ஆண்டு கழித்து இரண்டு பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளராக உட்கார உதவும் என்று யார் நினைத்தார்கள்!

பின்னல் என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நெசவில் இரண்டு வகை நூல் உண்டு: நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை. இரண்டும் ஏறக்குறைய நேராக ஓடும். அதனால் வேட்டியை இழுத்தால் நீளாது. பின்னலில் ஒரே நூல். அந்த நூலை ஒரு கண்ணியாக வளைத்து, கீழ் வரிசையில் உள்ள கண்ணிக்குள் நுழைத்து இழுக்கவேண்டும். அதற்குள் அடுத்த வரிசைக் கண்ணி. இப்படி ஆயிரக்கணக்கில். நூல் எங்கும் நேராக இல்லாமல் வளைந்து வளைந்து போவதால், துணியை இழுத்தால் வளைவு நிமிர்ந்து இடம் கொடுக்கிறது. விட்டால் கம்பளியின் சுருள் தன்மை பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஒரு கண்ணி கழன்றால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த கீழ்க் கண்ணியும் கழலும். ஏணி மாதிரி கீழே வரை போய்விடும். கப்ளிங் அறுந்த கூட்ஸ் வண்டி மாதிரி.

'நிட்', 'பர்ல்' என்று இரண்டு பின்னல் சொல்வார்கள். இரண்டும் ஒன்றேதான், ஒரே கண்ணியை முன்னாலிருந்து பார்த்தால் நிட், பின்னாலிருந்து பார்த்தால் பர்ல். முழுவதும் ஒரே முகமாகப் பின்னினால் துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும், சூடான இரட்டை உலோகப் பட்டை வளைவது போல. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் துணி மடிப்பு மடிப்பாக ஒடுங்கும். ரயில் பெட்டிகளுக்கு இடையே வெஸ்டிபூல் மடிப்பு இருக்கிறதே, அதே தத்துவம். ஸ்வெட்டரின் மணிக்கட்டும் இடுப்பும் உடம்பைப் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

அவசரக்காரர்கள் செய்யும் தவறையும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பெண்கள் ஒப்புக்கொள்வார்கள். பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று புத்தகம் சொல்கிறது. ஒரு மீட்டர் சுற்றளவுக்கு 220 கண்ணி. உங்கள் கை சற்றுத் தளர்வு, பத்து சென்டிமீட்டருக்கு 20தான் வருகிறது என்றால், அதே 220 கண்ணியில் சட்டை 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆகவே முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி அளந்து பார்க்கவேண்டும். என் மனைவி 1988-இல் எனக்குப் பின்னிய ஸ்வெட்டரை இன்றுவரை நானும் தலையணையும் சேர்ந்துதான் போட முடியும்.

இந்தக் கண்ணியை இயந்திரம் போடத் தொடங்கியதே அந்த வட்டாரத்தில்தான். நாட்டிங்ஹாமுக்கு வடகிழக்கே சில மைல் தூரத்தில் கால்வர்ட்டன் என்ற ஊர். அங்கே வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589-இல் காலுறை பின்னும் சட்டம் ஒன்றை அமைத்தார். கையால் பின்னுகிறவர் ஒவ்வொரு கண்ணியாகப் போடுகிறார். லீ ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கொக்கி ஊசி வைத்து, ஒரு வரிசை முழுவதையும் ஒரே அசைவில் இழுத்தார். அவ்வளவுதான் யோசனை, ஆனால் அதற்கு முன் யாருக்கும் தோன்றவில்லை. எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்துவிட்டார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் என்ன ஆவார்கள் என்று ராணி கேட்டதாகக் கதை. லீ பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்தார்.

ஊருக்குத் தெற்கே ரடிங்டனில் பழைய பின்னல்காரர்களின் பட்டறையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்த முதியவர்தான் எங்களை அழைத்துப் போனார். சுவர் நெடுக நீண்ட சன்னல்கள். வெளிச்சம் இருக்கும் மட்டும் வேலை என்பதால். சட்டத்துக்கு வாடகை பின்னல்காரரே கட்டவேண்டும். வேலை இல்லாத வாரத்துக்கும் வாடகை உண்டு. 1811-இல் இந்த வட்டாரத்தில்தான் 'லட்' என்ற கற்பனைத் தலைவன் பெயரால் சட்டங்களை உடைத்தார்கள். இயந்திரத்தைக் கண்டு பயந்த மூடர்கள் என்று நாம் பள்ளியில் படித்தோம். அது சரியல்ல. அவர்களும் அதே இயந்திரத்தில் வேலை செய்தவர்கள்தான். அகலமாகப் பின்னிய துணியைக் கத்தரித்து, ஓரத்தைத் தைத்து, காலுறை என்று மலிவாக விற்றார்கள் சில முதலாளிகள். வெட்டின இடத்தில் கண்ணி கழன்று, காலுறை சீக்கிரம் பிரிந்துபோகும். அந்தக் கெட்ட சரக்கினால் நல்ல வேலைக்கும் கூலி விழுந்தது. மேலே சொன்ன ஏணி விவகாரம்தான் அந்தக் கலவரத்தின் ஒரு காரணம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. 1812-இல் சட்டம் உடைத்தால் மரண தண்டனை என்று மசோதா வந்தபோது, அதை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் தம் முதல் உரையை ஆற்றியவர் அதே மாவட்டத்துக் கவிஞர் பைரன். மசோதா நிறைவேறிவிட்டது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெயில் அடித்ததால் மேல் கோட்டைக் கழற்றியிருந்தேன். முதியவர் என் டீ-ஷர்ட்டின் கீழ் ஓரத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். தொழில்காரர் பார்வை. பிறகு கழுத்துப் பட்டியைத் திருப்பினார். மேட் இன் இந்தியா. "இது எந்த ஊர்?" என்றார். திருப்பூர்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் வேலை செய்த ஆலை 1990-களின் இறுதியில் மூடியது. பெரிய கடைகள் வெளிநாட்டிலிருந்து மலிவாக வாங்கத் தொடங்கியதும், நாட்டிங்ஹாம், லெஸ்டர் வட்டார ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. 2005 ஜனவரியில் நாடுகளுக்கு இடையேயான ஜவுளி ஒதுக்கீடும் முடிந்தது. மீதி இருந்தவற்றிலும் பல போயின. 29 ஆண்டு இயந்திரத்தோடு இருந்த மனிதர், கடைசியில் ஓர் அங்காடியில் இரவு நேரத்தில் அலமாரி அடுக்கி ஓய்வுபெற்றார். அந்த வேலையின் மறுபாதி என் உடம்பில் இருந்தது.

திருப்பூரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். வட்ட இயந்திரத்தில் துணி குழாயாகவே வருவதால் நம் பனியனுக்குப் பக்கத் தையல் இல்லாமல் செய்ய முடிகிறது என்றேன். தெரியும் என்பதுபோல் தலையாட்டினார். 1920-களில் சில இயந்திரங்களோடு ஆரம்பித்து, 1970-களின் பிற்பகுதியில் ஏற்றுமதிக்கு வந்து, சுற்று மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்த கதையைச் சொன்னேன். "பீஸ் ரேட்டா?" என்றார். பல இடங்களில் பீஸ் ரேட்தான். "எங்களுக்கும்" என்றார். நொய்யல் ஆற்றையும் சொன்னேன். சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி நிலமும் கிணறும் கெட்டதையும், விவசாயிகள் வழக்குத் தொடுத்ததையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் மறைக்கவில்லை. தம் சிறுவயதில் சாயப்பட்டறைக்குப் பக்கத்து ஓடையைப் பார்த்தால் அன்று எந்த நிறம் தோய்க்கிறார்கள் என்று தெரியும் என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்ணி சீராக இருக்கிறது. மெக்கானிக் நல்லவன்" என்றார். திருப்பூரில் முகம் தெரியாத அந்த மெக்கானிக்குக்கு இந்தச் சான்றிதழைச் சேர்க்க எனக்கு வழியில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. எட்டரைக்குப் போட்டி ஆரம்பித்தது. முதல் சுற்று வரலாறு. நான்கு கேள்வி எழுதாமல் விட்டோம். இரண்டாம் சுற்று பாதியில் நர்ஸ் அம்மையார் ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார். "வராவிட்டால் பப்புக்குப் போன் பண்ணிச் சொல்வார். சொல்லவில்லை" என்று மகளிடம் சொல்லிவிட்டு நடந்தார். மகளும் கூடப் போனாள். வீட்டு மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருந்தாராம், மத்தியானத்திலிருந்து. கணுக்கால் முறிந்திருந்தது. போன் மாடியில். கதவு உட்பக்கம் பூட்டு. சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது.

ரயில்வேயில் பிளாக் முறை என்று ஒன்று உண்டு. அடுத்த ஸ்டேஷன் 'லைன் கிளியர்' தரும்வரை வண்டியை விடக்கூடாது. பதில் வராவிட்டால், எல்லாம் சரியாக இருக்கும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏதோ நடந்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும். அந்த மேசையில் அன்று நடந்தது அதுதான். நம் சங்கத்தில் தனியாக இருக்கும் மூத்தவர்கள் எத்தனை பேர் என்று திரும்பி வரும் விமானத்தில் எண்ணிப் பார்த்தேன். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். எனக்குத் தெரிந்தே பதினொன்று. யார் வராவிட்டால் யார் போய்ப் பார்ப்பது என்று நமக்குள் எந்த ஏற்பாடும் இல்லை.

செயற்குழுவிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் தொடங்கி ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை ஆறு மணிக்கு நம் நூலக அறையில் மேசைக்கு ஆறு பேர். மேடை கிடையாது, எழுத்துமுறைதான். ஆளுக்குப் பத்து ரூபாய். பரிசு அன்றைய வசூல். பஜ்ஜியும் காபியும் சங்கத்தின் செலவு. கைபேசிகள் வாசலில் உள்ள கூடையில். பின்னல் ஊசி கொண்டு வரலாம். பத்தாம் நம்பர் ஊசியும் வெள்ளைக் கம்பளியும் என் மனைவியிடம் இருக்கின்றன, குல்லாய் எப்படிப் பின்னுவது என்று காட்டித் தருவாள். ஒவ்வொரு மேசையும் ஆறு பேரின் வீட்டு விலாசத்தையும், மாற்றுச் சாவி யாரிடம் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். கேள்விகள் முதல் மாதம் என்னுடையவை. ரயில்வே பற்றி ஒரு சுற்றுக்கு இரண்டுக்கு மேல் கேட்கமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.